ஸ்லைடோட ஃபான்ட்டும் வரட்டும்!



ராத்திரி முழுக்க கண்முழிச்சு, அழகான தமிழ் ஃபான்ட்டில் செமினார் ஸ்லைடு ரெடி பண்றீங்க. காலையில் பென் டிரைவை டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டரில் செருகினா, தலைப்பு வேற எழுத்தில் நிக்குது, வரிகள் ஸ்லைடை விட்டு வெளியே தொங்குது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடிச்சிருந்தா தமிழே காணோம், ஆங்கில எழுத்தா கொட்டிக் கிடக்கும். மேட்டர் சிம்பிள்: ஸ்லைடை எடுத்துட்டுப் போனீங்க, ஃபான்ட்டை ரூமிலேயே விட்டுட்டீங்க. (பவர்பாயின்ட்டிலும் ஃபான்ட்டைச் சேர்த்து சேமிக்க வழி இருக்கு. ஆனா எல்லா ஃபான்ட்டும் அதுக்கு சம்மதிக்காது!)

பேசாம ஸ்லைடையே வெப் பேஜா செஞ்சுட்டா? புது ஐடியா இல்லை. 2004-லேயே எரிக் மேயர் ‘எஸ்5’னு ஒண்ணு செஞ்சார். 2006-ல் நம்ம சென்னைக் கம்பெனி அட்வென்ட்நெட் ‘ஜோஹோ ஷோ’ கொண்டு வந்துச்சு. பிற்பாடு ஜோஹோன்னே பேரை மாத்திக்கிட்டு, 2011-ல் தென்காசிப் பக்கம் ஆபீஸும் போட்டாங்க. கிருஷ்ணன்கோவிலில் படிக்கிறவங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டி ஒரே ரூட்டு பஸ்தான். ஆனா ‘ஷோ’வை நாம பயன்படுத்தலாமே தவிர, உள்ளே என்ன கோடு ஓடுதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது.

பிரிச்சுப் பார்க்கணும்னா, ஸ்வீடன்காரர் ஹக்கிம் எல் ஹத்தாப் 2011-ல் ஆரம்பிச்ச ‘ரிவீல்.ஜேஎஸ்’. எம்ஐடி லைசென்ஸ், காசு கிடையாது. கிட்ஹப்பில் ஜிப் ஃபைலா இறக்கிக்கலாம். ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு ‘செக்‌ஷன்’ டேக், அவ்வளவுதான். ஒரு செக்‌ஷனுக்குள்ளே இன்னொண்ணு போட்டா, அது கீழ்ப்பக்கமா இறங்குற ஸ்லைடு. உதாரணமா, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் பத்திப் பேசறீங்க. மேல் வரிசையில் ‘1988: சரணாலயம்’, ‘2021: புலிகள் காப்பகம்’. நேரம் இருந்தா கீழே இறங்கி அணில் கதை. ஹெச்ஓடி வாட்சைப் பார்த்தாரா? பக்கவாட்டில் தாவிடுங்க!

இப்போ ஃபான்ட். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை எல்லாம் ஓப்பன் லைசென்ஸ் ஃபான்ட். ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு, சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதி எழுதி அதைக் காட்டுங்க. மொத்த ஃபோல்டரும் பென் டிரைவில் வரணும், அதுதான் முக்கியம். ஹாலில் நெட் இல்லைன்னாலும் கவலை இல்லை.

டேக் எழுத சோம்பலா? ஒரு வீக் எண்டு போதும், சொந்தமா எடிட்டரே செய்யலாம். ஒரு டெக்ஸ்ட் பெட்டி. ஸ்லைடுக்கு ஸ்லைடு நடுவே மூணு கோடு. அதை ஜாவாஸ்கிரிப்டில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ‘மார்க்டு’ங்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகிட்ட கொடுத்தா ஹெச்டிஎம்எல் ஆக்கித் தரும். செக்‌ஷனுக்குள் போட்டு, ரிவீலோட ‘சிங்க்’ ஃபங்ஷனைக் கூப்பிடுங்க. டைப் அடிக்க அடிக்க பக்கத்திலேயே ஸ்லைடு மாறும், செம திரில்!

எழுதினதை பிரவுசரோட ‘லோக்கல் ஸ்டோரேஜில்’ வைக்கலாம். ஆனா அந்த பிரவுசரில் மட்டும்தான் இருக்கும், யாராவது சைட் டேட்டாவைத் துடைச்சா போச்சு. அதனால டவுன்லோடு பட்டன் ஒண்ணு கட்டாயம்.

‘பிபிடி ஃபைல்தான் வேணும்’னு சார் அடம்பிடிச்சா? ரிவீல் நேரா பிபிடி தராது. முகவரி கடைசியில் கேள்விக்குறி போட்டு ‘பிரின்ட்-பிடிஎஃப்’னு ஆங்கிலத்தில் அடிச்சு, குரோமில் பிரின்ட் கொடுங்க. பிடிஎஃப் வரும், தமிழ் எழுத்து இடம் மாறாது. அதுக்கும் அவர் ஒத்துக்கலைன்னா... கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துப் பாருங்க பாஸ்!