ஊற்றின்மேல் எழுந்த மேடு

“சுரங்கத்தை மூடியாயிற்று, மேட்டின்மேல் மரக்கன்றுகளும் நட்டாயிற்று, இனி என்ன குறை?” என்று வினவுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். நிலக்கரி தீர்ந்தவுடன் கணக்கும் தீர்ந்தது என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை பிழையானது என்பதே நம் வாதம். நிலக்கரி தீரும், நீர் தீர்வதில்லை.

சுரங்கம் இயங்கும் நாள்வரை நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் மெல்ல உயர்ந்து, வெறுமையான குழிகளையும் சுரங்கப் பாதைகளையும் நிரப்புகிறது. நிலக்கரியோடும் அதைச் சூழ்ந்த பாறையோடும் கலந்திருக்கும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. ஓடையின் படுகையில் செம்மஞ்சள் துரு படிகிறது, மீன் மடிகிறது. மேட்டின்மேல் நட்ட மரக்கன்றுக்கு இவற்றைத் தடுக்கும் வலிமை ஏது?

வடிகாலைப் புறக்கணித்தால் நேர்வது என்ன என்பதை வேல்ஸ் நாட்டின் அபர்வான் சிற்றூர் உலகுக்கு உணர்த்தியது. ஊருக்கு மேலுள்ள மலைச்சரிவில் சுரங்கக் கழிவை மேடுமேடாகக் கொட்டிவந்தார்கள். ஏழாவது மேட்டை 1958-இல் நீரூற்றுகளின் மேலேயே எழுப்பத் தொடங்கினார்கள். பள்ளிக்குப் பின்புறம் கொட்டப்படும் கழிவால் ஆபத்து உண்டு என்று 1963-இலேயே உள்ளூர் ஆட்சியினர் கடிதம் எழுதினர். பயனில்லை. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, நீரூறி நெகிழ்ந்த அம்மேடு சரிந்து பள்ளியையும் வீடுகளையும் மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள்.

ஊற்று இருந்தது தெரியாது என்றார்கள். ஆனால் அவ்வூற்றுகள் நிலவரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தன. விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின்மீதே பழியைச் சுமத்தியது. அதன் பிறகும் நடந்தது இன்னும் கொடிது. எஞ்சிய மேடுகளை அகற்ற, துயருற்றோருக்காக உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தோரின் நிதியே கழிவை அள்ளும் கூலியாயிற்று! அத்தொகை 1997-இல்தான் வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது. 2007-இல் வேல்ஸ் அரசு மேலும் 20 இலட்சம் பவுன் வழங்கியது. பாதிக்கப்பட்டவனே பழுதையும் நீக்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

“இதற்கெல்லாம் செலவு மிகுதி, வளரும் நாட்டால் இயலாது” என்பர் சிலர். செலவு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. நிறுவனம் செலுத்தாததை ஓடைக்கரை உழவன் செலுத்துகிறான், அவ்வளவே. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துவிட்டது. அங்கே இறைப்பை நிறுத்தினால் குடியிருப்புகள் நீரில் மூழ்கும். ஆகவே, 2018 டிசம்பரில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்படும் முன்னரே, 2007-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். என்றென்றும் நீர் இறைப்பதற்கான செலவை அதுவே ஏற்கிறது. அச்சுமையை அவர்கள் ‘நித்தியச் சுமை’ என்றே அழைக்கிறார்கள். அப்பெயரில் உள்ள நேர்மையை நாம் போற்றுகிறோம்.

நம் நாட்டிலும் விதி இல்லாமலில்லை. 2009-இல் நடுவண் நிலக்கரி அமைச்சகம் மூடல் திட்டத்துக்கான நெறிமுறைகளை வகுத்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 இலட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 இலட்சம் ரூபாய் என்ற அளவில் தனிக் கணக்கில் பணம் வைக்கச் சொன்னது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், ஹெக்டேர் கணக்கு நிலப்பரப்பை அளக்கும், நீரை அளக்குமா? வேலிக்கு உள்ளே பிறந்த அமிலம் வேலியோடு நிற்குமா? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். அந்த இறைப்பு என்றேனும் ஓயும் நாளில் சுற்றுவட்டாரக் கிணறும் ஏரியும் என்னவாகும் என்பதை இன்றே கேட்க அங்குள்ள உழவருக்கு உரிமை உண்டு.

நாம் கேட்பவை சிலவே. முதல் மண்ணை அள்ளும் முன்னரே வடிகாலைத் திட்டமிடுங்கள். மேல்மண்ணைத் தனியே காத்து, மீண்டும் மேலேயே பரப்புங்கள். அமிலம் சுரக்கும் பாறையைக் காற்றும் நீரும் அண்டாதவாறு ஆழப் புதையுங்கள். மூடிய பின்னும் நீரைச் சோதித்து, அதன் முடிவை ஊர்மன்றத்தில் வாசியுங்கள். இவற்றுக்கான பணத்தை, இலாபம் வரும் நாளிலேயே எடுத்து வையுங்கள். இலாபம் தீர்ந்தபின் கேட்டால் தர எவரும் இருக்கமாட்டார்.

நிலத்தைத் திருப்பித் தருவது என்பது பசுமையாகத் தோன்றும் ஒரு மேட்டைக் காட்டுவது அன்று. அதில் உழவன் ஏர் பூட்டவேண்டும். அதன் ஓடையில் பிள்ளைகள் அச்சமின்றி இறங்கவேண்டும். அதுவரை எந்தச் சுரங்கமும் மூடப்பட்டதாக நாம் ஏற்கமாட்டோம்.