பனி தள்ளும் குட்டி வண்டி: பிள்ளையார்பாளையத்துக்கு இதில் என்ன பாடம்?

அமெரிக்கா, கனடாவில் பனிக்காலம் வந்தாலே யூடியூப்பிலும் ரீல்ஸிலும் ஒரு வகை வீடியோ வரிசைகட்டும். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் குட்டி வண்டி, முன்னால் ஒரு இரும்புத் தகடு. வாசலில் கிடக்கும் பனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும். பார்க்க ஜாலியாக இருக்கும். பனியே பெய்யாத காஞ்சிபுரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. தெருவுக்குள் நுழையும் அளவில் இயந்திரம் இல்லையென்றால், அந்தத் தெருவை மனிதர்தான் மண்வெட்டியோடு சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

அது என்ன வண்டி?

இதற்குப் பெயர் 'சைடு பை சைடு'. யுடிவி என்றும் சொல்வார்கள். கார் போல ஸ்டீயரிங், பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை. பெரும்பாலான மாடல்கள் சுமார் 5 அடி அகலம், எடை ஒரு டன்னுக்குள். பண்ணை வேலைக்காக வந்த வண்டி இது. முன்னால் தகடு மாட்டினால் பனி தள்ளும். கழற்றிவிட்டால் விறகு ஏற்றும், மருந்துத் தொட்டி சுமக்கும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. தகட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். அப்போது பனி முன்னால் குவியாமல் ஓரமாக உருண்டு போகும். தகட்டைத் தூக்கி இறக்க வின்ச் இருக்கும். தகடு சரளைக்கல்லையும் சேர்த்துச் சுரண்டாமல் இருக்க, அடியில் சின்னக் கட்டைகள் மாட்டுவார்கள். டயர் வழுக்காமல் இருக்கப் பின்தொட்டியில் எடை வைப்பார்கள்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஈரப் பனி அதிகம் சேர்ந்துவிட்டால் இந்த வண்டி திணறும். அதனால் பனி கொட்டக் கொட்ட, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட வேண்டும். தள்ளுவதை எங்கே சேர்ப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வாசல் அடைபடும்.

பெரிய வண்டி போதாதா?

மலைப்பாதைக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். 11,000 அடிக்கு மேல் இருக்கும் காஷ்மீர் - லடாக் பாதையான சோஜிலா கணவாயில், எல்லைச் சாலைகள் அமைப்பு ராட்சத இயந்திரங்களை வைத்துத்தான் பனியை வெட்டுகிறது. ஊருக்குள் கதை வேற.

ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் டொராண்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் பல பகுதிகளில் நடைபாதைப் பனியை மாநகராட்சி அள்ளியது. ஆனால் பழைய நகரப் பகுதியின் குறுகலான நடைபாதைகளில் இயந்திரம் நுழையாது என்பதால், வீட்டுக்காரர்களே அள்ள வேண்டும் என்பது விதி. முதியவர், மாற்றுத்திறனாளி என்ன செய்வார்? இந்தக் கேள்வி வலுத்த பிறகு, சின்ன இயந்திரங்களைச் சோதித்துப் பார்த்து, 2021-22 பனிக்காலம் முதல் அந்தப் பகுதிகளுக்கும் சேவையை விரிவுபடுத்தினார்கள். தெருவை மாற்ற முடியாது, வண்டியை மாற்றினார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து பனிப்புயல் வந்தபோது, நடைபாதைகள் அள்ளப்படாமல் கிடப்பதாகப் புகார்கள் குவிந்தன. வண்டி வாங்கினால் மட்டும் போதாது, வேலை நடந்ததா என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் இன்னொரு கேள்வி கேட்டது: முதலில் யாருடைய பாதை? கார் போகும் பெரிய சாலைகளுக்கே முன்னுரிமை தருவதால், நடந்து போகும் பெண்களும் குழந்தைகளும் கடைசியில் நிற்கிறார்கள் என்று கண்டு, குழந்தைகள் காப்பகம், நடைபாதை, சைக்கிள் பாதைகளுக்கு முன்னுரிமை தந்தது.

இப்போ பிள்ளையார்பாளையம்

இங்கே பனிக்குப் பதில் மழை, சகதி, கால்வாய் மண். பட்டு நெசவாளர்களுக்குத் தெரு என்பது போக்குவரத்துக்கு மட்டுமல்ல. காலையில் பாவை நீட்டிக் கட்டி இழை சரிசெய்யும் இடமும் அதுதான். வீட்டுக்குள் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தெருவில் தண்ணீர் நின்றால் முதலில் ஈரம் ஏறுவது அந்தக் குழியில்தான். குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். ஒரு தெருவின் கால்வாய் தூர்வாரப்படாதது இங்கே ஒரு வீட்டின் வருமானப் பிரச்சினை.

நம்ம ஊரில் மழைக்கால வேலை என்றதும் முதலில் வருவது ஜேசிபி. அதன் அகலம் 7 அடிக்கு மேல். வாசல்படி, திண்ணை, மின்கம்பம், நிறுத்தி வைத்த பைக் எல்லாம் தாண்டி ஒரு சந்துக்குள் அது போகாது. அப்புறம் என்ன நடக்கும்? ஒரு தூய்மைப் பணியாளர் மண்வெட்டியோடு இறங்குவார். சாக்கடை, செப்டிக் டேங்கில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரும் கலக்கும் ஊர்களில், சகதியில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அமெரிக்க வண்டியை வாங்கணுமா?

வேண்டாம். யுடிவி விலை அதிகம், உதிரிபாகம் தேடி அலையணும். தோப்புகளில் ஓடும் மினி டிராக்டர் நம்மிடமே இருக்கிறது. 4 அடி அகலத்துக்குள் அடங்கும் மாடல்கள் உண்டு. முன்னால் தகடு, பின்னால் பம்பு அல்லது டிரெய்லர் என்று வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சகதி தள்ளும் அதே வண்டி, வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டி இழுக்கும். 'வருஷத்துக்கு ரெண்டு மாசம் மழைக்கு ஒரு வண்டியா?' என்ற கேள்விக்கு அதுவே பதில்.

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்கு ஏற்ற பெரிய இயந்திரங்கள் வேண்டும்தான். அதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு தெருவின் அகலத்தையும் அளந்து, எந்த வண்டி எங்கே நுழையும் என்று பட்டியல் போட வேண்டும். இரண்டு, தறிக்குழி உள்ள தெருக்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரும் வரிசையில் முதலில் வைக்க வேண்டும். மூன்று, அள்ளிய மண்ணை அன்றைக்கே ஏற்ற வேண்டும். ஓரத்தில் குவித்து வைத்தால் அடுத்த மழை அதைத் திரும்பக் கால்வாய்க்கே கொண்டு போகும்.

பட்டியல் போட ஒரு அளவு டேப் போதும். அதை வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் செய்து முடித்தால், இந்த வருஷமே சில தறிகள் நிற்காமல் ஓடும்.