அழவில்லை, எரிகிறது

"ஏன்த்தா, அழுதியா?" கண் சிவந்த பெண்ணைக் கண்டால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் முதலில் வரும் கேள்வி இதுதான். அடுத்தது, "மாமியாளோட சண்டையா?" மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அடித்தடம் இருக்கிறதா என்று கன்னத்தைத் தேடுவார்கள். அதே சிவப்பு ஓர் ஆணின் கண்ணில் இருந்தால், "தூசி விழுந்துருச்சா மாப்ள, டாக்டர்கிட்ட காட்டு" என்பார்கள். பெண்ணின் கண் சிவந்தால் அதற்குக் காரணம் அவள் குடும்பம். கண்ணிலேயே கோளாறு இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

எனக்குக் கண் உலர்வு, இமை அழற்சி, முகத்தில் கரப்பான் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கிளம்பினால் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் வரும். நம் இமை விளிம்பில் வரிசையாக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கண்ணீர் ஆவியாகிவிடாமல் காப்பது அவை விடும் எண்ணெய்ப் படலம்தான். இமை வீங்கி அவை அடைத்துக்கொண்டால் கண் காயும். காய்ந்த கண் எரிச்சலில் தண்ணீராகக் கொட்டும். ஆமாம், உலர்ந்த கண்தான் கொட்டும்! அதைத் துடைத்துத் துடைத்தே கன்னத்துத் தோல் உரிந்துபோகும். "அழுதியா" என்பவர்களுக்கு இத்தனையையும் பஸ் ஸ்டாண்டில் நின்று விளக்க முடியுமா?

இது பெண்களை அதிகம் பிடிக்கும் நோய். மாதவிடாய் நிற்கும் வயதில் கூடும். கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் உடலே தாக்கிக்கொள்ளும் ஷோக்ரன் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஆனாலும் நான் பார்த்த ஒரு மருத்துவர் என் இமையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே, "வீட்ல ஏதும் டென்ஷனாம்மா?" என்றார். மருந்துக் கடையில் இன்னும் மோசம். "முகம் எரியுதுண்ணே" என்றேன். ஒரு ட்யூபை எடுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டே நாள்ல கலர் வந்துரும்மா" என்றார் கடைக்காரர். கலரை யார் கேட்டது? எரிச்சலைச் சொன்ன பெண்ணுக்கு வெள்ளை நிறம் விற்கிறார்கள்.

அந்த மாதிரி ட்யூபுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பொடி எழுத்தில் பெயர் போட்டிருக்கும். மருத்துவர் சொல்லிச் சில நாள் மட்டும் போட்டால் கரப்பானுக்கு நல்ல மருந்துதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும், நிறுத்தினால் முன்பைவிடச் சிவக்கும். இமையில் தொடர்ந்து பட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிக் கிளாக்கோமாவும் கண்புரையும் வரலாம். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குச் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடையை நானே பார்த்திருக்கிறேன். 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்த 'ஃபேரை' எடுத்துவிட்டு 'க்ளோ' ஆனது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருபவர்கள் மாறவில்லையே?

என்னிடம் களிம்பு வாங்கவாவது காசு இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டிப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்குவார்கள். சுடச்சுட, கருகல் மணத்தோடு ருசியாகத்தான் இருக்கும். அதை வறுத்து, ஓட்டைத் தட்டி உடைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிக்கும். சேங்கொட்டை தெரியுமல்லவா, அதே குடும்பம்தான் முந்திரியும். எண்ணெய் பட்ட கையால் வியர்வையைத் துடைத்தால் முகமும் இமையும் வெந்துபோகும். வறுக்கும்போது எழும் புகை கண்ணுக்குத் தனி. இரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஆனால் தொழிற்சாலை என்றால் மின்விசையோடு பத்துப் பேர், அது இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்ய வேண்டும் என்றது. சாலையோரக் கொட்டகையில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தால் அது எந்தக் கணக்கில் வரும்? அந்தப் பெண்களின் முகம் கறுத்தால் "வெயில்" என்பார்கள், கண் சிவந்தால் "புகை" என்பார்கள். நோய் என்று சொல்லி ஒரு கையுறை, ஒரு கண்ணாடி, ஒரு மருத்துவ முகாம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

என் முகத்தைப் பார்ப்பதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கண்ணால் நான் வாசிக்க வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், ராத்திரி விளக்கைப் பார்த்தால் கூசாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குக் கவலை? மை போட்டால் அழகாக இருப்பேன் என்கிறார்கள். மை அந்தச் சுரப்பிகளின் வாயை இன்னும் அடைக்கும். மஞ்சள் பூசச் சொல்கிறார்கள். உரிந்த தோலில் பூசிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இமை அழற்சிக்கான அடிப்படை வைத்தியம் ரொம்ப மலிவு. பொறுக்கும் சூட்டில் நனைத்த துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு இமையை மெதுவாக நீவி, விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை நாள்தோறும், காலையும் மாலையும் செய்ய வேண்டும். மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை ஆறரைக்கு, அடுப்பில் பால் இருக்க, பிள்ளைக்குப் பள்ளி வேன் வர, வீட்டுப் பெண் கண்ணை மூடிப் படுப்பதா? படுக்கிறேன். நான் துணியை எடுக்கும் வரை யாரும் கூப்பிடக் கூடாது. பால் பொங்கினால் கண் திறந்திருப்பவர்கள் அடுப்பை அணைக்கட்டும்.