முகாமையாளர் எதை வாசிக்க வேண்டும்?

நெடுந்தீவில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையை நடத்துபவருக்கு எந்த வணிக நூலைப் பரிந்துரைப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும் மா மூட்டை குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கி, படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் வந்து, மாவிலித்துறையில் மறுபடியும் தோளேறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி உண்டு. காற்று எழும்பினால் படகு ஓடாது. அன்றைக்குச் சரக்கும் வராது, அக்கரையிலிருந்து வரவேண்டிய பணியாளரும் வரமாட்டார். தீவில் இருக்கும் சனமோ சில ஆயிரம்தான். விளம்பரம் செய்து வாடிக்கையாளரைப் பெருக்க அங்கே வழியில்லை.

வளர்ச்சியையும் நல்ல வேலைத்தளத்தையும் விரும்பும் தலைவர்கள் வாசிக்க வேண்டிய நூல்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல்கள் வருகின்றன. நமது பொதுமுகாமையாளர்களும் பணிப்பாளர் சபை அங்கத்தவர்களும் அவற்றைப் பார்த்துவிட்டு, எது நமக்கு உதவும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வெற்றிக் கதைகள். வெற்றி பெற்ற பின் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. ஜிம் கொலின்ஸின் ‘குட் டு கிரேட்’ 2001இல் வெளிவந்தபோது 11 நிறுவனங்களை உயர்வுக்கு உதாரணமாகக் காட்டியது. அவற்றில் ஒன்றான சர்க்கிட் சிற்றி 2008 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இன்னொன்றான ஃபனி மே அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டது. கொலின்ஸ் 2009இல் பெரிய நிறுவனங்கள் எப்படி வீழ்கின்றன என்று தனியாக ஒரு நூல் எழுதினார். இரண்டில் ஒன்றுக்கே நேரம் இருக்கிறதென்றால் அந்த இரண்டாவது நூலை எடுங்கள். விழுந்த கதையை மறைக்காமல் சொல்லும் நூலே முகாமையாளருக்கு உதவும். கீழே பரிந்துரைப்பவை எல்லாம் அந்த அளவுகோலால் தெரிந்தெடுத்தவை.

முதலாவது, நமது மண்ணிலேயே நடந்த கதை. லெனார்ட் வூல்ஃப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய இளம் அதிகாரி. இலங்கையில் கழித்த ஆண்டுகளைப் பற்றி ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்றுப் பாகத்தை 1961இல், தமது எண்பதாவது வயதில் வெளியிட்டார். அவரை ‘காட்டினுள் கிராமம்’ நாவலின் ஆசிரியராகவே நம்மவர்கள் அறிவார்கள். அலுவலகம் நடத்துவோருக்கு ‘குரோயிங்’ அதைவிடப் பயன்படும். கச்சேரிக்கு வரும் கடிதம் எதற்கும் வந்த அன்றைக்கே பதில் போகவேண்டும் என்று அவர் விதி வைத்தார். எழுதுவினைஞர்கள் திகைத்துப் போனார்கள், வெறுத்தார்கள். விதி நிலைத்தது, வேலையும் விரைந்தது. இன்றைக்கும் நமது சங்கங்களில் அங்கத்தவரின் விண்ணப்பம் மேசையில் மாதக்கணக்கில் கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

ஆனால் நூலின் சாரம் அதற்கடுத்த பகுதியில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தெருவொன்றில் வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட விறாந்தை ஒன்றை, குதிரைமேல் இருந்தபடியே சவுக்கால் சுட்டிக் காட்டினார் வூல்ஃப். அவ்வழியே வண்டியில் போன பெயர்பெற்ற சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அரசாங்கத்துக்கு முறையிட்டது. தாம் அடிக்கவில்லை என்பதில் வூல்ஃப் கடைசிவரை உறுதியாக இருந்தார். இருந்தும், யோசிக்க யோசிக்க, ஊராரின் முறைப்பாட்டில் உண்மை இருப்பதை ஒப்புக்கொண்டார். அவர்களுடைய தெருவில் குதிரைமேல் அப்படி அமர்ந்திருந்ததே அவர்களை அறைந்ததற்குச் சமம் என்பது அவருக்குப் புரிந்தது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தம்மைக் கீழிருந்து பார்க்கப் பழகிய இடம் இது. தலைமை பற்றி இதைவிட நேர்மையான பக்கங்களை நான் அதிகம் வாசித்ததில்லை. பிற்காலத்தில் வூல்ஃப் இங்கிலாந்துக் கூட்டுறவு இயக்கத்தோடு இணைந்து, ‘சோஷலிசமும் கூட்டுறவும்’ என்ற நூலை 1921இல் எழுதினார் என்பதையும் நமது வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது நூல் கேரளத்தின் கண்ணூரில் இருந்து வருகிறது. பீடித் தொழிலாளருக்கான இந்தியச் சட்டத்தைக் கேரள அரசு 1968இல் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, முதலாளிகள் பட்டறைகளை மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் வேலை இழந்தார்கள். 1969 பெப்ரவரியில் அவர்களில் சில ஆயிரம் பேரோடு கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கியது. எண்பதுகளில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். தோமஸ் ஐசக், ரிச்சர்ட் பிராங்கி, பியாரலால் ராகவன் ஆகிய மூவரும் அந்தக் கதையை ‘டிமோக்கிரசி அற் வேர்க் இன் அன் இந்தியன் இண்டஸ்ரியல் கோப்பரேற்றிவ்’ என்ற பெயரில் 1998இல் எழுதினார்கள். தொழிலாளரே முதலாளியான இடத்தில் மேற்பார்வையாளர் எப்படி நடந்துகொள்வது, தரக் கட்டுப்பாட்டை யார் செய்வது, வேலை குறைந்தால் யாருடைய வருமானத்தைக் குறைப்பது என்பதையெல்லாம் இந்நூல் விவரமாகக் காட்டுகிறது. பீடிக்குச் சந்தை சுருங்கத் தொடங்கியதும் அது உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களுக்கும் போக வேண்டியிருந்தது. பனம்பொருளை மட்டும் நம்பியிருக்கும் நமது சங்கங்களுக்கு அந்த மாற்றத்தின் வரலாறும் தேவை.

கண்ணூர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரக்க வாசிப்பார். அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்குபோட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதே வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்டார்கள். நாட்டு நடப்பும் தொடர்கதையும் கூலிக்காரர் காதில் விழுந்தது அப்படித்தான். அந்தச் சுருட்டை வாங்கித் தென்னிலங்கை நகரங்களில் கடை போட்டு விற்ற வியாபாரிகளில் தீவகத்தவர் பலர். அவர்களுடைய வணிகத் திறமையை நாம் பெருமையாகப் பேசுகிறோம். கொட்டிலின் வாசிப்பை மறந்துவிட்டோம். இன்று முகாமையாளர் தனியாக ஒரு நூலை வாசித்து, அதில் கண்ட சொற்களைப் பணியாளர் கூட்டத்தில் ஒப்புவிக்கிறார். பணியாளருக்கு அது இன்னொரு சுற்றறிக்கைதான். நூல் எதுவானாலும் கிளையில் வேலை செய்பவர்களோடு சேர்ந்து வாசிக்கப்பட வேண்டும் என்பதே இந்த ஆசிரியர் உரையின் முதன்மையான பரிந்துரை.

கூட்டுறவாளர் எல்லோரும் ரொச்டேல் முன்னோடிகளின் பெயரைப் பரீட்சைக்காவது படித்திருப்பார்கள். 1844 டிசெம்பரில் 28 பேர் தொடங்கிய கடை. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கி, வாசிப்பறையும் நூலகமும் நடத்தியவர்கள். இது பாடத்தில் வரும். பாடத்தில் வராத இன்னொன்று உண்டு. ரொச்டேலில் உருவான கூட்டுறவு நூல் ஆலை தொடக்கத்தில் இலாபத்தில் ஒரு பங்கை அங்கே வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தது. பங்குதாரர் பெருகினார்கள். 1862இல் அவர்கள் வாக்களித்து அந்தப் பங்கை நிறுத்தினார்கள். கூட்டுறவு என்ற பெயர் இருந்தால் வேலைத்தளம் தானாக நியாயமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு தேவையில்லை. அங்கத்தவரின் நலனும் பணியாளரின் நலனும் மோதும் இடம் நமது சங்கங்களிலும் இருக்கிறது. சம்பளத் திருத்தம் வரும் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் அது வெளிப்படுகிறது. ஜோர்ஜ் ஜேக்கப் ஹோலியோக் எழுதிய ரொச்டேல் வரலாற்றை வாசிப்பவர்கள் முன்னோடிகளின் பெருமையோடு நின்றுவிடாமல் இந்தப் பின்கதையையும் தேடி வாசிக்க வேண்டும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எலினோர் ஒஸ்ட்ரமின் ‘கவர்னிங் த கொமன்ஸ்’ நூலை வற்புறுத்திச் சொல்கிறேன். 1990இல் வெளிவந்தது. பொருளியலுக்கான நோபல் பரிசு 2009இல் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது இந்நூலின் ஆய்வு. பொதுவான கடலையும் நீரையும் மக்கள் தாமே விதிசெய்து காத்த இடங்களையும், காக்க முடியாமல் போன இடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. தோற்ற இடங்களில் ஒன்று நமது நாட்டின் தென்கரையில் உள்ள மாவெல்ல. அங்கே கரைவலைகளுக்கு முறை வைத்துக் கடலில் இறக்கும் ஒழுங்கு நன்றாகவே இருந்தது. ஆனால் புதிய வலை சேர்வதைத் தடுக்க முடியவில்லை. மீன் விலை ஏற, வலைகளும் ஏறின. வலை ஏற, ஒவ்வொரு வலைக்கும் முறை வரும் நாள் தள்ளித் தள்ளிப் போனது. வலை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டவிதி ஏட்டில் இருந்தும் நடைமுறைப்படவில்லை. பங்கீடு நியாயமாக இருந்தும் எல்லோரும் நட்டப்பட்டார்கள். அதே நூலில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் நம்பிக்கை தரும் உதாரணமாக வருகிறது. விவசாயிகளோடு ஊரில் தங்கியிருந்து அவர்களை அமைப்பாக்கிய இளைஞர்களால் அங்கே நிலைமை திருந்தியது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைச் சங்கங்களின் தலைவர்கள் மாவெல்லப் பகுதியை வாசித்தால் தங்கள் இறங்குதுறைச் சண்டைகளை அதில் அடையாளம் காண்பார்கள்.

திருக்குறளுக்குப் படகும் தேவையில்லை, மொழிபெயர்ப்பும் தேவையில்லை. மேடையில் சொல்வதற்கென்று மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, பெரியாரைத் துணைக்கோடல், வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் ஆகிய மூன்று அதிகாரங்களையும் வேலைத்தள விதிக்கோவையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தம்மைக் கடிந்து பேசும் துணை இல்லாத தலைவர், கீழுள்ளவர் அஞ்ச நடக்கும் தலைவர், இருவரும் எப்படி முடிவார்கள் என்பதை அவை மழுப்பாமல் சொல்கின்றன.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இங்கே குறிப்பிட்டவற்றில் குறளைத் தவிர மற்றவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நமது கிளை முகாமையாளர்களில் பலர் தமிழில்தான் வாசிக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. தேவையான அத்தியாயங்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கித் தருவது பல்கலைக்கழகங்களில் பொருளியலும் முகாமைத்துவமும் கற்பிப்பவர்களின் கடமை. நமது சொந்த அனுபவமோ எழுத்தில் வரவேயில்லை என்று சொல்லலாம். 1936இல் தொடங்கிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையும், போர்க்காலத்தில் அரிசியையும் மண்ணெண்ணெயையும் பங்கிட்ட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ரொச்டேலுக்கோ கண்ணூருக்கோ குறைந்த கதைகள் அல்ல. அந்தச் சங்கங்களை நடத்தியவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். பழைய ஆண்டறிக்கைகளையும் கூட்டக் குறிப்புகளையும் கறையானுக்கு விடாமல், நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்புக்குக் கொடுத்தால் அவை எல்லோருக்கும் கிடைக்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் முகாமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நூல்களுக்கென்று ஒரு தொகையைத் தனியாகக் காட்டுங்கள். வாரத்தில் அரை மணிநேரத்தைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே வாசிப்புக்கு ஒதுக்குங்கள். நெடுந்தீவில் படகு ஓடாத நாளை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். காசாளர், களஞ்சியக் காப்பாளர், மூட்டை சுமப்பவர் என எல்லோரும் அதில் இருக்கட்டும். வாசித்ததைப் பற்றி முகாமையாளர் கடைசியாகப் பேசட்டும். உங்கள் பணியாளர்கள் அந்த அரை மணிநேரத்தில் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.