எட்டாண்டு தாங்கிய கோட்டையும் எஃகுச் சிறகுப் பறவையும்

செஞ்சி என்றதும் தமிழ் மனத்தில் முதலில் எழுபவன் தேசிங்கு ராஜன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறு குதிரைப்படையோடு எதிர்கொள்ளப் புறப்பட்டு, 1714 அக்டோபரில் களத்தில் மாண்ட அந்த இளைஞனின் கதையை நாட்டார் கதைப்பாடல் அவனுடைய குதிரையோடும் தோழனோடும் சேர்த்துத் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1690 முதல் 1698 வரை, அதே கோட்டை முகலாயப் பேரரசின் படையைத் தன் மதில்களுக்கு வெளியே காக்கவைத்த வரலாறோ, நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருந்தும், மக்கள் நினைவில் அதற்கு நிகரான இடத்தைப் பெறவில்லை. பாயும் குதிரைக்குக் கிடைக்கும் புகழ் நிற்கும் மதிலுக்குக் கிடைப்பதில்லை என்பது செஞ்சிக்கு மட்டும் உரிய குறையன்று. இன்றைய இளைஞர்கள் கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவியிலும் ஆடும் உயிரிப் போர் விளையாட்டுகளிலும் அதே மனச்சாய்வு அப்படியே தொடர்கிறது.

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்மையானது போக்கிமான். ஜப்பானில் சதோஷி தஜிரி நிறுவிய கேம் ஃப்ரீக் உருவாக்கி 1996 பிப்ரவரியில் வெளிவந்த இதில், ஆடுபவர் கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்த்து, ஆறு உயிரிகள் கொண்ட அணியாக அமைத்து, மற்றொருவரின் அணியோடு மோதவிடுகிறார். ஓர் உயிரி ‘மூவ்’ எனப்படும் செயல்களில் நான்கை மட்டுமே ஏந்திச் செல்லலாம். அதன் ஆற்றலை உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்னும் ஆறு எண்கள் வரையறுக்கின்றன. பொதுவாக, மேலே விழுந்து கடித்தும் குத்தியும் மோதுவன சாதாரணத் தாக்குதலிலும், நெருப்பு, மின்னல் போன்றவற்றைத் தொலைவிலிருந்து ஏவுவன சிறப்புத் தாக்குதலிலும் அடங்கும் என்று கொண்டால் போதும். புதிதாக ஆட வருபவர் இந்த ஆறு எண்களில் தாக்குதலையும் வேகத்தையும் மட்டுமே பார்த்து, வரிசையாக எதிரிகளை வீழ்த்திச் செல்லும் ‘ஸ்வீப்பர்’ உயிரிகள் ஆறைத் திரட்டிக்கொண்டு களம் புகுந்து, ‘வால்’, அதாவது சுவர், என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் தற்காப்பு உயிரி ஒன்றின் முன் தம் வேகமெல்லாம் பயனற்றுப் போவதைக் கண்டு திகைக்கிறார்.

சுவரின் பயனை அறிய, உயிரியை மாற்றும் விதியை முதலில் அறிய வேண்டும். இரு தரப்பாரும் ஒவ்வொரு முறையும் தத்தம் செயலை ஒரே நேரத்தில், மற்றவர் என்ன தேர்ந்தார் என்று அறியாமல் தேர்கின்றனர். களத்தில் நிற்கும் உயிரிக்கு ஆபத்து என்று கருதினால் அதைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்கலாம், ஆனால் அவ்வாறு மாற்றுவதிலேயே அந்த முறை கழிந்துவிடுவதால், எதிரி ஏவிய அடியைப் புதிதாக வருவதுதான் வாங்கியாக வேண்டும். தாக்கும் திறனே உருவான மெல்லுடல் உயிரிகள் இப்படி அடி வாங்கிக்கொண்டு நுழைய இயலாது. ஆறும் அத்தகையனவாக உள்ள அணியில் ஒன்று ஆபத்தில் சிக்கினால், அதை இழப்பது அல்லது அதற்குப் பதிலாக வருவதைப் பலவீனப்படுத்துவது என்ற இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. அடியை வாங்கியும் தளராமல் நின்று, இழந்த உயிர்ப்புள்ளிகளை மீட்டு, அதற்குள் எதிரிக்கு ஏதேனும் ஒரு தொல்லையையும் இழைத்துவிட்டுத் தன் அணியின் தாக்கும் உயிரிக்கு வழிவிடக்கூடிய ஒன்று அணியில் இருப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

இக்கலையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1999இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை விளையாட்டில் அறிமுகமான இரு உயிரிகளின் கூட்டு. ஒன்று ஸ்கார்மரி, எஃகு உடலும் சிறகும் கொண்ட பறவை. அதன் அடிப்படைத் தற்காப்பு எண் 140, சிறப்புத் தற்காப்போ அதில் பாதியான 70. மற்றது பிளிஸ்ஸி, முட்டையைச் சுமந்து திரியும் இளஞ்சிவப்புச் செவிலி. அதன் தற்காப்பு வெறும் 10 என்றாலும் உயிர்ப்புள்ளி 255, சிறப்புத் தற்காப்பு 135. பறவைக்கு நெருப்பும் மின்சாரமும் பகை. 2002இல் தொடங்கிய மூன்றாம் தலைமுறையில் அவ்விரு வகைகளும் சிறப்புத் தாக்குதலாகவே கணக்கிடப்பட்டதால், அவை வரும்போது பிளிஸ்ஸி குறுக்கே வந்து ஏற்றுக்கொள்ளும். பிளிஸ்ஸிக்கு மல்யுத்த வகைத் தாக்குதல் ஒன்றுதான் பகை. அது சாதாரணத் தாக்குதல் ஆகையால் பறவை குறுக்கே வந்து தாங்கும். ஒன்றின் குறையை மற்றது மறைக்க, இரண்டும் மாறி மாறி வந்து நின்ற இந்தக் கூட்டு அந்தத் தலைமுறை ஆட்டங்களில் பெற்ற செல்வாக்கு பெரிது. 2006இல் வந்த நான்காம் தலைமுறை ஒவ்வொரு மூவையும் தனித்தனியே சாதாரணம், சிறப்பு என்று பிரித்து, நெருப்பு கொண்டு குத்தும் அடியையும் சாதாரணக் கணக்கில் சேர்த்தபோது அந்தக் கட்டுமானத்தில் விரிசல் விழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, இவ்விரண்டும் வெறுமனே அடி வாங்கிக்கொண்டு நிற்கவில்லை என்பது. பறவை ‘ஸ்பைக்ஸ்’ என்னும் முட்களை எதிரியின் தரையில் பரப்பும். மூன்று அடுக்கு முட்கள் சேர்ந்துவிட்டால், பறப்பன போன்ற சிலவற்றைத் தவிர, அந்தப் பக்கத்தில் புதிதாக இறங்கும் ஒவ்வோர் உயிரியும் தன் முழு உயிர்ப்புள்ளியில் நான்கில் ஒரு பங்கை இறங்கும்போதே இழக்கும். அதன்பின் ‘வேர்ல்விண்ட்’ என்னும் சுழற்காற்றால் களத்தில் நிற்பதைத் துரத்தி மற்றொன்றை வலிந்து இழுத்துவந்தால், ஒரு நேரடி அடியும் அடிக்காமலே எதிரணி முழுவதும் தேய்ந்துபோகும். செவிலியோ ‘விஷ்’ என்னும் மூவால் அடுத்த முறையின் முடிவில் தன் தோழருக்கு உயிர்ப்புள்ளி கிடைக்குமாறு செய்து வைக்கும். ‘ஹீல் பெல்’ ஒலித்து அணி முழுவதன் நஞ்சையும் முடக்குவாதத்தையும் நீக்கும். சுவருக்கு ஆதரவு உயிரி என்னும் பெயர் இப்பணிகளால்தான் பொருந்துகிறது. தாங்குவது இதன் தகுதி மட்டுமே. தாங்கி ஈட்டிய முறைகளை என்ன செய்தது என்பதே அதன் மதிப்பை முடிவுசெய்கிறது.

செஞ்சியின் எட்டாண்டு முற்றுகையை இந்தக் கண்ணோடு படிக்கும்போது அதன் தருக்கம் தெளிவாகிறது. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டு மராத்திய அரசு சிதறும் நிலையில் இருந்தபோது, அவர் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி, தம் தந்தை சிவாஜி 1677இல் பீஜப்பூர் ஆட்சியிடமிருந்து கைப்பற்றி வலுப்படுத்திய செஞ்சியில் வந்து தங்கினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்து முக்கோணமாக அமைந்த இக்கோட்டையை, 1690இல் வந்த முகலாயத் தளபதி சுல்பிகார் கானால் முழுமையாகச் சூழ்ந்து அடைக்கவே இயலவில்லை. ஔரங்கசீப் தம் மகன் காம் பக்ஷையும் அமைச்சர் ஆசாத் கானையும் கூடுதல் படையோடு அனுப்பியும் நிலைமை மாறவில்லை. பேரரசின் பெரும்படை ஒன்று தென்கோடியில் ஒரு மலைக்கோட்டையின் முன் கட்டுண்டு கிடந்த அந்த ஆண்டுகளில்தான் மராத்தியர் தம் சொந்த மண்ணில் மீண்டும் திரண்டனர்.

மதில்கள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் இரு குதிரைப்படைத் தலைவர்கள் தமிழகத்துக்குள் புகுந்து, முகலாயர்களின் உணவு வழியை அறுத்து, காஞ்சிப் பகுதியில் அலி மர்தான் கானைச் சிறைபிடித்தனர். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளான அந்தக் குழப்பத்தில் இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசுகிறார் என்று கூறி அவரைத் தம் தரப்பினரே காவலில் வைக்க, சுல்பிகார் கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். செஞ்சி தாங்கிய காலத்தைப் பயன்படுத்தி வெளியே அடித்தவர்கள் இந்த இருவர். பின்னர் தனாஜியோடு மூண்ட பூசலாலும் ராஜாராமோடு ஏற்பட்ட பிளவாலும் சாந்தாஜி தனித்துவிடப்பட்டு, 1697இல் கொல்லப்பட்டார். மீண்டும் முற்றுகையிடப்பட்ட செஞ்சி 1698 தொடக்கத்தில் வீழ்ந்தது. இரண்டுக்கும் நேரான காரணகாரியத் தொடர்பைக் காட்டிவிட முடியாதெனினும், மலைகளும் மதில்களும் 1692இல் இருந்தவாறே 1698இலும் இருந்தன, வெளியே இருந்த தாக்கும் கை மட்டுமே இல்லை என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது. கோட்டை வீழ்வதற்கு முன்பே ராஜாராம் வெளியேறிவிட்டார். சுல்பிகார் கானே வேண்டுமென்று விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது.

உயிரிப் போரிலும் இதற்கு நேரான சான்று உண்டு. போக்கிமானின் அதிகாரபூர்வ உலகப் போட்டிகள், ஒரே நேரத்தில் இரண்டிரண்டு உயிரிகள் களத்தில் நிற்கும் இரட்டையர் முறையில் நடைபெறுகின்றன. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் சேஜுன் பார்க், எவரும் பொருட்படுத்தாத பாச்சிரிசு என்னும் அணிலை அணியில் சேர்த்து வாகை சூடினார். அதன் தாக்குதல் எண் 45, தற்காப்பும் 70தான். ஆயினும் ‘ஃபாலோ மீ’ என்னும் மூவால் அந்த முறையில் எதிரிகள் தோழரை நோக்கி ஏவும் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அதன் தோழரான கியாரடோஸ் என்னும் நீர்ப்பாம்புக்கு மின்சாரம் கொடும்பகை. அணிலுக்கோ மின்சாரம் பட்டால் காயத்துக்குப் பதில் உயிர்ப்புள்ளி கூடும் இயல்பு உண்டு. எதிரி நீர்ப்பாம்பைக் குறிவைத்து ஏவும் மின்னல் அணிலுக்கு உணவாக, அந்த இடைவெளியில் நீர்ப்பாம்பு தன் வேலையைத் தடையின்றிச் செய்தது. தானே பெரிய காயம் விளைவிக்க இயலாத அணில், எதிரியின் மிச்ச உயிர்ப்புள்ளியைப் பாதியாக்கும் ‘சூப்பர் ஃபேங்’ மூவையும் வைத்திருந்தது. பாதியாக்குவதற்குத் தாக்குதல் எண் எதுவும் தேவையில்லை என்பதைக் கண்டுகொண்டதில் அந்த ஆட்டக்காரரின் நுட்பம் இருக்கிறது.

தற்காப்பு ஆட்டத்தின்மீது சலிப்பும் வெறுப்பும் கொண்டோர் பலர். ஆறு உயிரிகளும் சுவர்களாகவே அமைந்த ‘ஸ்டால்’ அணிகள் ஒரே ஆட்டத்தை நூறு முறைகளுக்கு மேலும் இழுத்துச் செல்வதுண்டு. எதிரி பொறுமையிழந்து விலகுவதையே வெற்றியாக எண்ணும் அத்தகைய ஆட்டத்தின்மீதான குறை நியாயமானதே. உருவாக்கியவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூவையும் ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2022 நவம்பரில் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை விளையாட்டில் ‘ரிகவர்’, ‘ரூஸ்ட்’ போன்ற உயிர்ப்புள்ளி மீட்கும் மூவ்களின் அடிப்படை வரம்பு 10இலிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது, ஊக்கப் பொருள்களைக் கொண்டு அதை உயர்த்தினாலும் 8ஐத் தாண்டாது. மூன்று முறைகளுக்குத் தாக்காத மூவ் எதையும் செய்யவிடாத ‘டான்ட்’, எஃகு உயிரியைப் பின்வாங்கவிடாமல் பிடித்துவைக்கும் மாக்னெட்டனின் காந்த இயல்பு ஆகியனவும் சுவரை உடைக்க உள்ள கருவிகள். ஆதலால் இன்று ஓர் அணிக்கு ஒரு சுவர், மிஞ்சினால் இரண்டு, அவற்றின் மறைவில் நின்று ஆட்டத்தை முடிக்கத்தக்க தாக்கும் உயிரிகள் என்று அமைப்பதே முறையான அமைப்பு.

எந்தச் சுவரும் எல்லாக் காலத்திலும் தாங்காது என்பதற்கும் செஞ்சியே சான்று. 1698இல் வீழ எட்டாண்டு எடுத்துக்கொண்ட அதே கோட்டையை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, தோற்று ஓடிவந்து உள்ளே புகுந்த படையைத் துரத்திக்கொண்டே வந்து, வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, ஓர் இரவில் மூன்று மலைகளையும் கைப்பற்றினார். உள்ளே இருந்தோருக்கு ஒழுங்குபட்டு நிற்க நேரமில்லை, வெளியிலிருந்து கைகொடுக்க எவருமில்லை.

2025 ஜூலையில் மராத்தியப் படை அரண்கள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே; ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளன. இனி அங்கு வருவோர் தொகை பெருகலாம். வருவோர் தேசிங்கின் கதையைக் கேட்டு, கல்யாண மகாலின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ராஜகிரி அடிவாரத்தில் தடித்த சுவர்களோடு நிற்கும் நெற்களஞ்சியங்களையும் ஆனைக்குளத்தையும் சற்று நேரம் ஒதுக்கிப் பார்த்துச் செல்ல வேண்டும். மதிலுக்குள் அடைபட்ட படைக்கு வாளைவிட முதலில் வேண்டியிருந்தவை நெல்லும் நீருமே.