பழைய காரில் ஒரு ரிலே வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கொஞ்சம் நீளமான பதிவு. காரில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் என்னிடம் ஓம் விதி படித்தவர்கள் போகக்கூடாது.

இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய கராஜில் 1966-ஆம் வருஷத்து எம்ஜிபி ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த மாடல். ஆறு வருஷமாகத் துருவைச் சுரண்டி, தகடு மாற்றி, அதை மறுபடி ஓட வைத்திருக்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் ஒயர் பிடிக்கக் கூப்பிடுவார்.

போன நவம்பரில் ஒரு காலை, நல்ல மூடுபனி. புதிதாகப் பொருத்திய ஃபாக் லைட்டைப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை, அப்புறம் புகை. சுவிட்சை அணைத்தார், நிற்கவில்லை. சாவியைத் திருப்பினார், அதற்கும் நிற்கவில்லை. அந்தக் காரில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கைக்குப் பின்னால், விரிப்புக்கும் ஒரு தகட்டு மூடிக்கும் அடியில் இருக்கின்றன. ஓரம் கட்டி, மூடியைக் கழற்றி, முனையைப் பிடுங்கும்வரை இரண்டு கிழவர்கள் பட்ட பாட்டை எழுத விரும்பவில்லை. பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கம்தான்.

பிறகு பிரித்துப் பார்த்தோம். ஃபாக் லைட் மாட்டிக்கொடுத்தவர் டாஷுக்குப் பின்னால் இருந்த பழுப்பு ஒயரிலிருந்து நேராக இணைப்பு எடுத்திருந்தார். பழைய பிரிட்டிஷ் கார்களில் நிறத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் இல்லாமல், சாவிக்குக் கட்டுப்படாமல் வருவது. ஊதா ஃப்யூஸ் வழியாக எப்போதும் வருவது. பச்சை, ஃப்யூஸும் சாவியும் தாண்டி வருவது. எடுக்கக்கூடாததிலிருந்து எடுத்ததோடு, என்ஜின் பக்கம் ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் வளையமும் போடவில்லை. தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிட்டது. சுவிட்சின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டதால் அணைத்தும் அணையவில்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். "ஒயரை மாற்றிவிட்டு அப்படியே விடு, ரிலே கிலே என்று நவீன சாமான் வைத்தால் கார் அசல் இல்லாமல் போய்விடும்" என்கிறார்கள் அவருடைய பழைய கார் நண்பர்கள். எனக்கு இது பிடிபடவே இல்லை. இந்தக் காரில் ஃபாக் லைட்டே கிடையாது, நாம்தான் சேர்த்தோம். பாரத்தைச் சேர்ப்பது அசலுக்கு இழுக்கில்லை, பாதுகாப்பைச் சேர்ப்பது மட்டும் இழுக்கா?

கணக்குப் போடுங்கள். 55 வாட் பல்பு இரண்டு, 110 வாட். 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். அத்தனையும் விரல்நுனி அளவுள்ள பழைய சுவிட்ச் வழியாக ஏன் போகவேண்டும்? ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. கனமான மின்னோட்டம் ஃப்யூஸ், ரிலே, விளக்கு என்று தடித்த ஒயரில் குறுக்கு வழியில் போய்விடும். வெளிச்சமும் கூடும். ஹாலஜன் பல்புக்குப் பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இந்தக் கார்களின் விளக்கு மங்கல் என்று லூகாஸ் கம்பெனியைக் கேலி செய்வது இங்கே ஒரு வழக்கம். பாதிக் குற்றம் துருப்பிடித்த எர்த் இணைப்பின் மேல் என்பது என் கட்சி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. அதிகபட்சம் 22 ஆம்பியர். ஃபாக் லைட் 9, ஹெட்லைட் தாழ்வில் 7, சிறு விளக்குகளும் இக்னிஷனும் நாலைந்து. வைப்பரையும் ஹீட்டர் விசிறியையும் போட்டால் தாண்டிவிடும். பனியில் ஊர்ந்து போகும்போது டைனமோ அதுகூடத் தராது. அதனால் 35 வாட் பல்பு போதும் என்றேன். மஞ்சள் கண்ணாடி வேண்டும் என்றார். அழகுக்கு என்றால் சரி. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

அசல்காரர்கள் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பழைய ஒயர் கட்டை வெட்டக்கூடாது. ஃபாக் லைட்டுக்குத் தனிக் கட்டு, தனி எர்த். நாளை யாராவது கழற்றினால் கார் பழையபடி இருக்கவேண்டும். ரிலே வாங்கும்போதும் கவனம் வேண்டும். 1966 மாடலில் காரின் உடல் நேர்முனை. உள்ளே டயோடு உள்ள ரிலேயை இந்தக் காலத்துக் காருக்கு மாட்டுவதுபோல மாட்டினால் டயோடு போய்விடும். ஃப்யூஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இது தெரியாமல் வேறு வகை 35 போடுகிறவர்கள் நிறைய.

என்னைக் கேட்டால் முன்னால் மாட்டுவதற்கு முன்பு பின்னால் ஒரு சிவப்பு ஃபாக் லைட் மாட்டவேண்டும். இங்கே 1980 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்குத்தான் அது சட்டப்படி கட்டாயம். ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம் வண்டி எந்த வருஷம் என்று தெரியாதே.

மனுஷர் கடைசியில் சம்மதித்தார். ரிலே வெளியே தெரியக்கூடாதாம். சரி, ஆனால் ஃப்யூஸ் கைக்கு எட்டவேண்டும் என்றேன். சனிக்கிழமை மழை இல்லையென்றால் ஒயர் இழுக்கிறோம். ரப்பர் வளையத்தை நானே வாங்கி வைத்துவிட்டேன்.