கெட்ட எண்ணத்தைத் துரத்தாதீங்க... மிதக்க விடுங்க! மனக்காட்சிப் பயிற்சி எப்படி வேலை செய்கிறது?

இரவு 10.40 மணி. படுக்கப் போகும் நேரத்தில் மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ்: "நாளைக்குக் காலைல கொஞ்சம் பேசணும்." எதைப் பற்றி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவ்வளவுதான், மனசு படம் ஓட்ட ஆரம்பித்துவிடும். போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் தப்பா? லே-ஆஃப் லிஸ்ட்டில் பேர் வந்துடுச்சா? இ.எம்.ஐ. என்ன ஆகும்? வீட்டில் என்ன சொல்வது? மணி 1 ஆகியும் தூக்கம் வராது. காலையில் பதறிக்கொண்டு போனால், "பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு எடுக்கறீங்க?" என்று கேட்பார்.

இந்த மாதிரி நேரத்தில் யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் ஒரே அறிவுரை, "அதையே நினைக்காதே, விட்டுடு" என்பதுதான். சொல்வது சுலபம். ஆனால், மனசு அப்படி வேலை செய்வதில்லை என்பதை உளவியல் ஆய்வு எப்போதோ காட்டிவிட்டது.

வெள்ளைக் கரடியை நினைக்காதே!

1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களை உட்காரவைத்து, மனசில் ஓடுவதையெல்லாம் 5 நிமிடங்களுக்கு வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறைக்கும் மேல் கரடி வந்து நின்றது. பிறகு, "இப்போ தாராளமா நினைக்கலாம்" என்று அனுமதி கொடுத்ததும், ஆரம்பத்திலிருந்தே கரடியை நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் அந்த நினைப்பு அதிகமாக வந்தது.

ஏன் இப்படி? வெக்னர் பின்னாளில் கொடுத்த விளக்கம் இது. ஓர் எண்ணத்தைத் தடுக்கும்போது மனசின் ஒரு பகுதி வேறு விஷயத்தைத் தேடிப் போகிறது. இன்னொரு பகுதியோ, "அந்த எண்ணம் வந்துடுச்சா?" என்று காவல் காக்கிறது. காவல் காக்க வேண்டும் என்றால் திருடனின் முகம் ஞாபகத்தில் இருக்க வேண்டுமே! களைப்பாக இருக்கும்போதும் டென்ஷனாக இருக்கும்போதும் தேடும் பகுதி சோர்ந்துவிடும். காவல் மட்டும் தொடரும். இரவு 1 மணிக்கு நடப்பது இதுதான்.

அப்போ குப்பையில் போட்டுடலாமா?

"கெட்ட எண்ணத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்று பல ரீல்ஸில் சொல்கிறார்கள். இதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பாப்லோ பிரின்யோல், ரிச்சர்டு பெட்டி உள்ளிட்டோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பெயின் பள்ளி மாணவர்கள் தங்கள் உடல் தோற்றம் பற்றிய எண்ணங்களைத் தாளில் எழுதினார்கள். சிலர் அந்தத் தாளைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். சிலர் எழுத்துப் பிழை பார்த்துத் திருத்தினார்கள். தூக்கிப்போட்டவர்கள் பிறகு தங்கள் தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டபோது, எழுதிய எண்ணம் அவர்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இன்னொரு பரிசோதனையில், எழுதிய தாளைச் சட்டைப் பையிலோ பர்ஸிலோ பத்திரமாக வைத்துக்கொண்டவர்களிடம் அந்த எண்ணத்தின் செல்வாக்கு கூடியது.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். மூன்றாவது பரிசோதனை கம்ப்யூட்டரில் நடந்தது. எண்ணத்தை டைப் செய்து, அந்த ஃபைலை மவுஸால் ரீசைக்கிள் பின்னுக்கு இழுத்துப் போட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது. இழுத்துப் போடுவதாகச் சும்மா கற்பனை செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை!

ஆக, எழுதிக் கிழித்துப் போடுவது உதவலாம். ஆனால், கண்ணை மூடி "போ, போ" என்று விரட்டுவது திரும்பவும் வெள்ளைக் கரடி கதைதான்.

ஓடையில் மிதக்கும் இலைகள்

இங்கேதான் வேறொரு பாதை திறக்கிறது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ், தானே பீதித் தாக்குதல்களால் அவதிப்பட்டவர். அவர் உருவாக்கிய 'ஆக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி' என்ற சிகிச்சை முறையில் பரவலாகப் பயன்படுவது, 'ஓடையில் இலைகள்' என்ற மனக்காட்சிப் பயிற்சி. இதில் எண்ணத்தை யாரும் அழிப்பதில்லை. வேடிக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

செய்முறை இதுதான்:

* 5 முதல் 10 நிமிடங்கள் அமைதியாக உட்காருங்கள். மெதுவாக ஓடும் ஓர் ஓடை, அதன் கரையில் நீங்கள், தண்ணீரில் இலைகள் மிதந்து போகின்றன என்று மனசில் கொண்டுவாருங்கள். (ஆறு என்றதும் கூவம் ஞாபகம் வந்தால், வேறு ஆற்றுக்குப் போய்விடலாம்!)
* வரும் ஒவ்வோர் எண்ணத்தையும் ஓர் இலை மேல் வையுங்கள். நல்லது, கெட்டது, "இது என்ன பைத்தியக்காரத்தனம்" என்ற எண்ணம், எதுவானாலும் சரி.
* இலை அதன் வேகத்தில் போகட்டும். தள்ளிவிட வேண்டாம். அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றால், நிற்கட்டும்.
* நடுவில் மனசு எண்ணத்தோடு சேர்ந்து ஓடிப்போய்விடும். அது தோல்வி இல்லை. ஓடிப்போனதைக் கவனித்து, திரும்பவும் கரைக்கு வந்தால் போதும். பயிற்சியே அந்தத் திரும்பி வருவதுதான்.

ஓடை பிடிபடவில்லை என்றால், தாம்பரம் பிளாட்ஃபார்மில் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். ரயில் வரும், போகும். வருகிற எல்லா ரயிலிலும் ஏறியே ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ன?

இதனால் என்ன மாறுகிறது? "எனக்குத் திறமை இல்லை" என்பது தீர்ப்பு. "'எனக்குத் திறமை இல்லை'ங்கிற எண்ணம் வந்திருக்கு" என்பது செய்தி. வார்த்தைகள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நடுவே ஓர் அடி இடைவெளி விழுகிறது.

எல்லோருக்கும் சரிப்படுமா?

இல்லை. சிலருக்கு மனசில் காட்சியே தோன்றாது. 2015-ல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜெமன் குழு இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தது. இவர்களுக்குத் தாளும் பேனாவும் போதும்.

விபத்து, வன்முறை போன்ற கொடுமையான அனுபவங்களைக் கடந்து வந்தவர்கள் கண்ணை மூடினால் பழைய காட்சிகளே முன்னால் வரலாம். அவர்கள் இதை ஆலோசகர் துணையோடு செய்வதே நல்லது. மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, இலைக்காகக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் பேசலாம்.

ஓடைக்குக் கரையும் வேண்டும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதியம் 'மன அமைதி' வெபினார் நடத்திவிட்டு, அன்றிரவு 11 மணிக்கே "அர்ஜென்ட்" என்று மெசேஜ் தட்டும் அலுவலகங்கள் இருக்கின்றன. பிரச்சினை வேலையில் இருக்க, பயிற்சி மட்டும் ஊழியருக்கு என்றால் அது நியாயமா? "நாளைக்குப் பேசணும்" என்ற மெசேஜில் "லீவு பத்தி" என்று இரண்டு வார்த்தைகள் சேர்த்திருந்தால், ஓர் இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். அதற்கு எந்த ஓடையும் தேவையில்லை.

ஹேய்ஸின் சிகிச்சைப் பெயரிலேயே இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஏற்றுக்கொள்வது முதல் பாதி. நமக்கு முக்கியமானதை நோக்கி அடியெடுத்து வைப்பது இரண்டாம் பாதி. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இலையில் போகட்டும். "இரண்டு மாசமா ஓவர்டைம் காசு வரலை" என்ற எண்ணமும் இலையில் வரும். அதை மட்டும் கரையில் எடுத்து வையுங்கள். மறுநாள் ஹெச்.ஆருக்கு மெயில் போட வேண்டிய விஷயம் அது.